எதிரொலி அறையின் பேய்

ஹேடன் லேண்டிங், அலபாமா
மார்ச் 8, 1999

அன்புள்ள வில்லோடீன் அக்காவுக்கு,

ஆர்நெட்டா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையில் இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டெட்ராய்ட்டில் இன்னும் பனி விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள். தயவுசெய்து வாசலை நீயே பெருக்கப் போகாதே. விழுந்து வைத்தால் நான்தான் அங்கே வந்து உன் ஏச்சைக் கேட்க வேண்டும்.

ஒரு சேதி. மில் ஸ்ட்ரீட் ஸ்டூடியோவைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். பாட்டுப் பதிய இல்லை, சுற்றிப் பார்க்க. பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். ஜப்பானிலிருந்துகூட வருகிறார்களாம். க்ளீவன் அண்ணன் வாசித்த ஆர்கனைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள், தொடக் கூடாதாம். அதன் மேல் கோழிக் கறிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றவன் அவன். இதைக் கேட்டால் எப்படிச் சிரித்திருப்பான்!

அங்கே வாசித்தவர்களின் குடும்பத்தாருக்கு ஏப்ரலில் ஒரு நாள் இலவசம் என்று சபைக்குக் கடிதம் வந்திருக்கிறது. போகிறேன் என்றேன். ஓடெலுக்குப் பிடிக்கவில்லை. ஒரே தூசி, நெஞ்சுக்கு ஆகாது என்றார். ஆஸ்துமா உங்களுக்குத்தானே, எனக்கு என்ன என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முப்பது வருடமாக அந்தத் தெரு வழியாக வண்டியைக்கூட விட மாட்டார், சுற்றித்தான் போவார். அண்ணன் மேல் அவ்வளவு பாசம்.

அவர் தபால் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார், நிறுத்துகிறேன். அடியில் வழக்கம்போல் ஒரு வரி எழுதுவார், இடம் விடுகிறேன்.

உன் தங்கை,
ஆர்நெட்டா

மதினிக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்கள் தங்கை சொல் பேச்சுக் கேட்பதில்லை. – ஓடெல்


டெட்ராய்ட்
மார்ச் 19, 1999

அன்புள்ள ஆர்நெட்டாவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

உங்கள் நலம் அறிந்து சந்தோஷம். என் முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது, நானும் அதோடு பேசுவதில்லை. மற்றபடி சுகம். டாக்டர் காதுக் கருவியை மாற்றிக் கொடுத்தார். காதில் வண்டு குடைகிற மாதிரி இருந்தது, கழற்றிப் போட்டுவிட்டேன். கார் கம்பெனி பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் தகரம் அடித்த காது இனி எதைக் கேட்கப் போகிறது? அதனால் போன் வாங்கு, போன் பண்ணு என்று எழுதாதே. கடிதம் போதும்.

கட்டாயம் போ. எனக்காகவும் கேட்டுவிட்டு வா. தம்பி போய் இத்தனை வருடத்தில் அவன் வாசிப்பை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. அந்த வருடம் வசந்தத்தில் யாரோ நம் கறுப்பர் உரிமைக் கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரையெல்லாம் மில் முதலாளிகளிடம் கொடுத்தார்கள். மில் சலவைக்கூடத்தில் என் வேலை போயிற்று, நான் ஊரைவிட்டே வந்தேன். நவம்பரில் அவன் போய்விட்டான். அவன் கார் பாலத்தில் நின்றது, மூன்று நாள் கழித்து ஆறு அவனைக் கொடுத்தது. தவறி விழுந்தான் என்று எழுதி மூடினார்கள். எந்த வெள்ளைக்காரன் லாரியில் வந்து தள்ளினான் என்று கேட்க அன்றைக்கு நம்மில் யாருக்குத் தைரியம் இருந்தது?

மாப்பிள்ளையை வற்புறுத்தாதே. ஹன்ட்ஸ்வில்லில் தன் அத்தை அடக்கத்துக்குப் போன மனிதர், ஞாயிறு திரும்பி வந்ததும் தம்பியைக் காணோம் என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடலை அடையாளம் காட்டியதும் அவர்தான், பெட்டியைச் சுமந்ததும் அவர்தான். பாவம்.

வில்லோடீன்


ஹேடன் லேண்டிங்
ஏப்ரல் 11, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மகரந்தம் கார் மேலெல்லாம் மஞ்சளாகப் படிந்து கிடக்கிறது. ஓடெல் தும்மிக்கொண்டே இருக்கிறார்.

நேற்று ஸ்டூடியோவுக்குப் போய்வந்தேன். பதினைந்து பேர் இருந்தோம். சுற்றிக் காட்டிய பெண் பெயர் மார்னி, இந்த ஊர்ப் பெண்தான், வெள்ளைக்காரி. நான் யார் தங்கை என்று சொன்னதும் கயிற்றை அவிழ்த்து, "நீங்க தொடலாம் மேடம்" என்றாள். தொட்டேன். ஆர்கனில் ஒரு கட்டை உள்ளே போய் மேலே வரவே இல்லை. அது அந்தக் காலத்திலேயே அப்படித்தான் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு மிஷின் அறைக்குக் கூட்டிப் போனாள். ஒரே பாட்டை எட்டுத் தடமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பொத்தான். அதை மேலே தள்ளினால் டிரம் மட்டும் கேட்கிறது, இன்னொன்றைத் தள்ளினால் கிடார் மட்டும். ஆர்கனை மட்டும் வைத்தாள். அக்கா, அண்ணன் வாசித்துக்கொண்டே மூக்கால் முனகுவானே, அதுகூடக் கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

அப்புறம், "இப்ப எங்க வீட்டுப் பேயைக் காட்டுறேன்" என்றாள். பின்பக்கம் கழிப்பறைக்கு அப்பால் ஒரு காலி சிமெண்ட் அறை இருக்கிறது. பாட்டை அங்கே ஒரு ஸ்பீக்கரில் விட்டு, எதிர் மூலையில் மைக் வைத்துப் பிடிப்பார்களாம். எதிரொலி அறை என்று பெயர். அந்த எதிரொலிக்குத் தனித் தடம். ஒரு நாள் பாட்டு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், டேப்பை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஆளில்லாத அறையில் மைக் மட்டும் விழித்திருந்தது. அதில் என்ன விழுந்திருக்கிறது கேளுங்கள் என்று விளக்கைக் குறைத்தாள்.

சத்தம் வந்தது. நார்வேயிலிருந்து வந்த அம்மாள் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. காலையில் ஒரு பிஸ்கட்தான் தின்றேன், அதனால் இருக்கும். படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வேறு விசேஷம் இல்லை.

மிஸ் பிங்க்னியைப் பார்த்தால் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

ஆர்நெட்டா

வெளுத்துப்போய் வந்தாள். தூசி என்று அப்போதே சொன்னேன். – ஓடெல்


டெட்ராய்ட்
ஏப்ரல் 17, 1999

ஆர்நெட்டா,

இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை. வெர்னிஸ் பியூட்டி பார்லர் முகவரிக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமை நீ முடி அலங்கரித்துக்கொள்ளப் போவாய், அவள் உன் கையில் கொடுப்பாள். வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

நம் ஞாயிறு பள்ளி டீச்சர் மிஸ் பிங்க்னி செத்து நாற்பத்தாறு வருடம் ஆகிறது. ஒன்பது வயதில் உன்னை மொபீலில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சித்தி எல்லாக் கடிதத்தையும் படிப்பாள், அதனால் அவள் அடித்தால் மிஸ் பிங்க்னியைக் கேட்டதாக எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நீ எழுதினாய். மறுவாரமே அப்பா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை நீ எழுதியதில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன். பீன்ஸ் தீய்ந்துபோனது. அந்த மைக்கில் என்ன கேட்டது? எதை ஓடெல் படிக்கக் கூடாது?

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உடனே எழுது.

வில்லோடீன்


வெர்னிஸ் பார்லர்
ஏப்ரல் 29, 1999

அக்கா,

முடி காயவைக்கிற டிரையருக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். ஓடெல் வெளியே காரில் இருக்கிறார். பெண்கள் கடைக்குள் வரக் கூச்சம் அவருக்கு.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். முதலில் சாவிக்கொத்தை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற சத்தம். அப்புறம் ஒரு செருமல். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. அப்புறம் ஓர் ஆண் குரல், முதலில் ஏதோ முணுமுணுப்பு, கடைசியில் "வா, வெளிய வா" என்று. எதிரொலியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தேன், அக்கா. அப்போதுதான் புரிந்தது.

அது பேய் இல்லை. ஒவ்வொரு காலையும் என் சமையலறையில் கேட்கிற சத்தம். ஜெபம் சொல்லுமுன் ஓடெல் அப்படித்தான் செருமுவார், இரண்டு சின்னது, ஒன்று பெரிது. மில்லில் காவல் வேலை பார்த்த நாளிலிருந்து அந்தச் சாவிப் பழக்கம். சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால்கூட அவர் வந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

டேப் பெட்டியில் தேதி எழுதியிருந்தது. நவம்பர் 9, 1968. அண்ணன் காணாமல்போன சனிக்கிழமை. அன்றைக்கு இவர் ஹன்ட்ஸ்வில்லில் அத்தையைப் புதைத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் ஷெரீஃபிடம் சொன்னார், நம் அம்மாவிடம் சொன்னார், இரண்டு வருடம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டபோது என்னிடமும் சொன்னார்.

பயமாக இருக்கிறது. தட்டை வைக்கும்போது என் கை நடுங்குகிறது, அவர் அதைப் பார்க்கிறார். ஆனால் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டால்கூடப் பொய் சொல்லித் தப்பிக்கலாம். பேயாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன். பேயென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வெர்னிஸ் டிரையரை நிறுத்திவிட்டாள். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஆர்நெட்டா


டெட்ராய்ட்
மே 6, 1999

தங்கச்சிக்கு,

மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன் மேல் கோபம் வந்தது. ஒரு செருமலை வைத்து முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதனை இப்படி நினைக்கலாமா என்று. அம்மாவின் கடைசி நாளில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன். இரண்டாம் தடவை, என் மேல் கோபம் வந்தது. மூன்றாம் தடவை வெறும் பயம்தான்.

ஒருவேளை ஓடெல் அங்கே வந்திருக்கலாம், பயத்தில் வரவில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில், செத்தவனைக் கடைசியாகப் பார்த்தது நான்தான் என்று எந்தக் கறுப்பன் சொல்லுவான்? அப்படியும் நினைத்துப் பார். ஆனால் நினைப்பதை இங்கே வந்து நினை. துணி எடுக்காதே, கைப்பையோடு பஸ் ஏறு. அந்த ஸ்டூடியோவுக்கு மறுபடி போகாதே. அவனிடம் எதையும் கேட்காதே. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட அவன் சொல்லட்டும், நீ சொல்லாதே.

நான் காது கேளாதவள். இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் சொல். கடிதம் எப்போது வரும் என்று ஜன்னலில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வில்லோடீன்


ஹேடன் லேண்டிங்
மே 20, 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். தக்காளிச் செடி நட்டோம். ஓடெல் பின்வாசலுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். சபையில் பீச் பழப் பை செய்து கொண்டுபோனேன், நன்றாக இருந்தது என்றார்கள்.

வேறு சேதி இல்லை. மிஸ் பிங்க்னியைக் கேட்டதாகச் சொல். மறக்காமல் சொல்.

ஆர்நெட்டா

மதினிக்கு வணக்கம். இப்போதெல்லாம் வியாழக்கிழமை நானும் பார்லருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன். வெளியே காரில் வெயில் தாங்கவில்லை. உள்ளே நல்ல பத்திரிகைகள் இருக்கின்றன. வெர்னிஸ் காபியும் தருகிறாள். – ஓடெல்


மில் ஸ்ட்ரீட் ஸ்டூடியோ
ஜூன் 5, 1999

அக்கா,

உன் பேச்சைக் கேட்கவில்லை, திட்டாதே. சபை டீக்கன்மார் கூட்டத்துக்கு ஓடெல் டிகேட்டர் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வண்டியில் இங்கே வந்து இறங்கினேன். மார்னியிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. என் அண்ணன் பேசுகிறானா என்று பார்க்க வேண்டும், அந்தத் தடத்தை முதலிலிருந்து வை என்றேன். கூட்டத்துக்குப் போடுவது இருபது நொடிதானாம். அதற்கு முன்னால் மூன்று நிமிடம் இருக்கிறது, முணுமுணுப்புத்தானே என்று இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. மார்னி சொன்னாள், வாசிப்பவர்கள் தனியாகச் சண்டை போடவோ குடிக்கவோ அந்த அறைக்குத்தான் போவார்களாம். கனமான கதவு, வெளியே ஒன்றும் கேட்காது. மூலையில் மைக் இருப்பதை எல்லோரும் மறந்துவிடுவார்களாம்.

ஊராருக்கு அது முணுமுணுப்பு. எனக்கு அது நம் வீட்டுப் பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. எழுதிக்கொண்டேன்.

அண்ணன்: "மில்லுக்குப் பேரு குடுத்தது நீதானே ஓடெல். எங்கக்கா பேரையும் சேத்துக் குடுத்திருக்க."

சாவிச் சத்தம். செருமல்.

ஓடெல்: "இங்க வேணாம். பாலத்துப் பக்கம் போய்ப் பேசிக்கலாம். வா, வெளிய வா."

அண்ணன்: "எங்க வேணாலும் பேசு. ஆர்நெட்டாகிட்ட நான் சொல்லத்தான் போறேன்."

கதவு மூடுகிறது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. கடைசியில் வாசிப்பவர்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவன் கதவைத் திறந்து, "க்ளீவன் எங்கடா போனான்?" என்கிறான். அதோடு டேப் முடிகிறது.

என்னிடம் சொல்லத்தான் போகிறேன் என்றான், அக்கா. அப்போதே இவர் என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்ல வந்தவன்தான் ஆற்றில் கிடந்தான். நான் அவனைக் கொன்றவனுக்கு இருபத்தொன்பது வருடம் முட்டை பொரித்துப் போட்டிருக்கிறேன்.

மார்னி கேசட்டில் பதிந்து கொடுத்தாள், இதோடு அனுப்புகிறேன். உனக்குக் கேட்காது என்று தெரியும். ஆனால் என்னிடம் இருக்கக் கூடாது. வீட்டில் எதை எங்கே வைத்தாலும் அவர் சரியாக அங்கே போய் நிற்கிறார். இனி வெர்னிஸுக்கு எழுதாதே. மார்னி பெயருக்கு இந்த முகவரிக்கு எழுது, அவள் சபைக்கு வந்து கொடுப்பாள்.

ஆர்நெட்டா


டெட்ராய்ட்
ஜூன் 12, 1999

தங்கச்சிக்கு,

கேசட் வந்தது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு போட்டேன். முதலில் ஒரு பேச்சு மெல்ல ஓடியது, அது தம்பியாக இருக்கும். அப்புறம் கையில் வந்தது. சின்னதாக இரண்டு இடி, பெரிதாக ஒன்று. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன்.

என் பெயரையும் கொடுத்தான். இத்தனை வருடம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினேனே. சலவைக்கூட வேலை போய், இங்கே தகரம் அடிக்க வந்து, என் காது போனதும் அவனால்தான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதற்காக அப்புறம் அழுதுகொள்கிறேன்.

இப்போது கவனமாகக் கேள். மிஸ் பிங்க்னி சாகக் கிடக்கிறாள், உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று வீட்டுக்கு ஒரு கடிதம் போடுகிறேன், டிக்கெட்டோடு. அவள் செத்துப் பல வருடம் கழித்துத்தானே ஓடெல் நம் ஊருக்கே வந்தான், அவனுக்குத் தெரியாது. நீ லேசாக அழு. ரொம்ப அழாதே, உனக்கு நடிக்க வராது. சனிக்கிழமை பஸ் ஏறு.

இதைப் படித்ததும் கிழித்து ஸ்டூடியோவிலேயே போட்டுவிடச் சொல் அந்தப் பெண்ணிடம்.

வில்லோடீன்


டெட்ராய்ட்
ஜூன் 14, 1999

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் ஆர்நெட்டாவுக்கும்,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு துக்கமான சேதி. எங்கள் ஞாயிறு பள்ளி மிஸ் பிங்க்னி இங்கே மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அடிக்கடி ஆர்நெட்டாவின் பெயரைச் சொல்கிறார். 26ஆம் தேதிக்குப் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். ஒரே வாரம், திருப்பி அனுப்பிவிடுகிறேன். மாப்பிள்ளை பெரிய மனது பண்ண வேண்டும்.

வில்லோடீன்


ஹேடன் லேண்டிங்
ஜூன் 30, 1999

மதினி அவர்களுக்கு,

ஓடெல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். இருமல் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆர்நெட்டா நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பாள். பையை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். ஜன்னலோர இடம் பார்த்து உட்காரவைத்தேன். கையசைத்தேன். அவள் பார்த்தாள், கையசைக்கவில்லை.

மவுண்ட் நெபோ கல்லறைத் தோட்டத்தில் இருபது வருடமாகப் புல் வெட்டுகிறவன் நான். மிஸ் பிங்க்னியின் கல் என் தாயாருக்கு இரண்டு வரிசை பின்னால் இருக்கிறது. 1953 என்று போட்டிருக்கிறது. ஏப்ரலில் அந்தப் பெயரைப் படித்தபோதே அவள் எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. அடியில் என் வரியை எழுதி உறையை ஒட்டினேன். என்ன சொல்வது? தட்டை வைக்கும்போது அவள் கை நடுங்கியது. அந்த வசந்தத்தில் இந்த ஊரில் பல பேருக்கு அப்படி நடுங்கி நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

நேற்று நானும் ஸ்டூடியோவைப் பார்க்கப் போனேன். எல்லோரையும் போல டிக்கெட் வாங்கினேன். அந்தப் பெண் விளக்கைக் குறைத்துப் பேயைப் போட்டுக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தூசியில் தொண்டை அரித்தது. செருமிவிட்டேன். கூட்டம் சட்டென்று அடங்கிப்போயிற்று. அந்தப் பெண் திரும்பி என்னையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாசலில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

பாலத்தில் நடந்ததை எந்த மைக்கும் கேட்கவில்லை. அது எனக்கும் க்ளீவனுக்கும் மட்டும்தான் தெரியும். உங்கள் முகவரி எனக்கு மனப்பாடம், இத்தனை வருடம் உறையில் எழுதியவன் நான்தானே. பஸ்ஸில் ஒரு நாள் பயணம்தான் என்று டிக்கெட் கொடுக்கிறவன் சொன்னான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். மிஸ் பிங்க்னியையும்.

ஓடெல்


டெட்ராய்ட்
ஜூலை 23, 1999

அன்புள்ள மார்னிக்கு,

நலமாக இருக்கிறாயா அம்மா? நீ தனியாக ஸ்டூடியோவைப் பூட்டாதே, யாராவது துணைக்கு இருக்கட்டும். அந்த மனிதர் செருமியதும் உனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கு அதைப் படித்தபோதும் அப்படித்தான் இருந்தது.

இங்கே அக்கா சுகம். அவளுக்குக் காது கேட்காது, நிம்மதியாகத் தூங்குகிறாள். கதவில் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்க வேண்டியது நான்தான். காலை ஆறரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. இந்தச் சமையலறையில் யாரும் செருமுவதில்லை. இருந்தாலும் அசையாமல் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பயம் என்னைவிட்டு எப்போது போகும் என்று தெரியவில்லை.

ஓடெலின் கடிதத்தையும் கேசட்டையும் இரண்டு வாரத்துக்கு முன்னால் அங்கே அரசு வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அக்காதான் உறையை ஒட்டினாள், நான் முகவரி எழுதினேன். அசல் டேப்பை எடுத்துப்போக ஆள் வருவார்கள். ரசீது வாங்காமல் கொடுக்காதே. செப்டம்பரில் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருவேன். அவன் என் எதிரில் உட்கார்ந்திருப்பான், நான் நடுங்குவேன், நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டேப்பை எடுத்துப்போன பிறகும் உங்கள் பேய் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சிரிக்கத் தயாராக வருவார்கள். அவர்களிடம் பேய் என்று சொல்லாதே அம்மா. அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று சொல். ஒருவன் பெயர் க்ளீவன் டேட். வயது இருபத்தாறு. ஒரு கட்டை எழாத அந்த ஆர்கனை வாசித்தவன். தங்கையிடம் உண்மையைச் சொல்லப் புறப்பட்டவன்.

இன்னொருவன் பெயரை நான் வந்து சொல்கிறேன்.

ஆர்நெட்டா